பச்சைக் கன்னமும் காலிக் கட்டமும்

கலர் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் இது.

போன வாரம் பழைய இடத்தைப் பார்க்க வந்தபோது உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். உங்கள் அறையில் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரே பெண்ணின் படம் இரண்டு முறை மாட்டியிருக்கிறது. கறுப்புத் தொப்பி, வெள்ளை மேஜைவிரிப்பு, கையில் மடக்கிய விசிறி. இரண்டில் எது சரியான அச்சு என்று கேட்டேன். ஐந்து பேரும் இடப்பக்கத்துப் படத்தைக் காட்டினீர்கள். உங்களில் ஒருவர், வலப்பக்கத்துப் படத்தில் கன்னத்து ஓரம் பச்சை மை கசிந்திருக்கிறது என்று காரணமும் சொன்னார். நான் டீயைக் குடித்துவிட்டுப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்வதற்கு அரை மணி நேரம் வேண்டும், உங்களுக்கோ வேலை கிடந்தது.

விருப்ப ஓய்வு வாங்கிப் பதினோரு மாதம் ஆகிறது. அதற்கு முன் இருபத்தெட்டு வருடம் அந்த அச்சகத்தில் இருந்தேன். கடைசிப் பதினான்கு வருடம் செக்கிங். அதாவது, கணினியில் சரிசெய்து முடித்த படம் பிளேட்டுக்கு, அதாவது அச்சுத் தகட்டுக்கு, போகும் முன் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் ஏழுமலை. நடந்ததில் பாதி அவருடையது என்பதால் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"எழுதுக்கா. ஆனா என்ன ரொம்ப முட்டாளா போட்டுடாத" என்றார்.

"என்னையும் சேத்துத்தான் போடப் போறேன்."

"அப்ப சரி. ரெண்டு பேருன்னா பரவால்ல."

நான் தினமும் எழுதுகிறவள். வீட்டில் ஒரு டைரி, வேலையில் ஒரு நோட்டு. நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஐந்து கட்டம் பிரித்திருப்பேன். வேலையின் பெயர், படத்தின் எண், சாம்பல், நேரம், கையெழுத்து. சாயங்காலம் ஐந்து மணிக்கு அன்றைய பக்கத்தை மேலிருந்து கீழ் வரை ஒரு முறை வாசித்துவிட்டுத்தான் மூடுவேன். இதைச் செக்‌ஷனே கேலி செய்யும். "அக்கா ஜெபம் பண்றாங்க, யாரும் பேசாதீங்க" என்பார் ஏழுமலை.

'சாம்பல்' என்ற கட்டம் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். பெரிய அருங்காட்சியகங்கள் ஓர் ஓவியத்தைப் படம் எடுக்கும்போது அதன் ஓரத்தில் ஒரு சாம்பல் பட்டையையும் வைத்து எடுக்கின்றன. அந்தப் பட்டை நம் திரையிலும் கலப்பில்லாத சாம்பலாக நின்றால், படம் எடுத்த வெளிச்சத்தில் கோளாறு இல்லை என்று அர்த்தம். அதற்கு மேல் ஓவியத்தில் எந்த நிறம் தெரிந்தாலும் அது வரைந்தவர் வைத்த நிறம். நமக்கு அங்கே வேலை இல்லை.

சில வருடங்களுக்கு முன், காலண்டர் சீசனில், ஒரு சின்னப் புத்தகம் அச்சுக்கு வந்தது. கொண்டுவந்தவர் எழுபது வயதைத் தாண்டிய அம்மா. பிரெஞ்சுப் பள்ளியில் ஓவியம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. கணவர் கப்பல் என்ஜினியராக இருந்ததால் கல்யாணமான புதிதில் சில வருடம் ஸ்காட்லாந்தில் இருந்திருக்கிறார். எல்லோரும் அவரை 'மதாம்' என்றே கூப்பிட்டோம்.

புத்தகம், ஸ்காட்லாந்தின் நான்கு ஓவியர்களைப் பற்றியது. முதல் உலகப்போருக்கு முன்னால் பிரான்சுக்குப் போய், அங்கே புதிதாகக் கிளம்பியிருந்த நிறப் பித்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். நான்கு பேரும் சேர்ந்து சங்கம் எதுவும் வைக்கவில்லை. எல்லோருடைய படங்களும் ஒன்றாகக் காட்சிக்கு வந்ததே சில தடவைதான். ஒரே குழு என்று பெயர் ஒட்டிக்கொண்டது பிற்பாடு. காலம் போனதும் பழைய பாணி என்று ஒதுக்கினார்கள். இன்னும் காலம் போனதும் தேடிப் பிடித்து மாட்டினார்கள். மழையும் மூட்டமும் உள்ள ஊரில் பிறந்தவர்கள் வரைந்ததைப் பார்த்தால் நம்ப முடியாது. எலுமிச்சை மஞ்சளில் ஒரு ரோஜா, நீலத்தில் ஒரு நிழல், வெள்ளை மணலும் பச்சைத் தண்ணீருமாக ஒரு தீவு. நிழல் என்பது கறுப்பு இல்லை, அதற்கும் ஒரு நிறம் உண்டு என்பதுதான் அவர்கள் பிரான்சிலிருந்து கொண்டுபோன சரக்கு என்று மதாம் எழுதியிருந்தார். அந்தச் சரக்கைத்தான் அவர் இங்கே வகுப்பறையில் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார். புத்தகத்தின் கடைசிப் பகுதி அவருடைய பழைய மாணவர்கள் வரைந்த வைத்திக்குப்பத்துப் படகுகள். மாணவர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைக்கிறார்கள், சனிக்கிழமை திறப்பு, அன்றைக்குப் புத்தகம் அங்கே இருக்க வேண்டும்.

முதல் நாளே ஒரு சின்ன வாக்குவாதம் வந்தது. அட்டைக்கும் படங்களுக்கும் மேலே பளபளப்புப் பூச்சு கொடுக்கலாம் என்றார் முதலாளி.

"பளபளன்னு இருந்தாத்தான் ஜனங்க கையில எடுப்பாங்க, மதாம்."

"வேணாம். அந்த நாலு பேர்ல ஒருத்தர் படத்துக்குப் பின்னாலயே எழுதி வச்சிருக்காரு. இதுமேல வார்னிஷ் அடிக்காதீங்கன்னு."

"பின்னால எழுதினா யாரு பாப்பாங்க? முன்னால எழுதியிருக்கலாமே."

மதாம் சிரித்தார். "ஊருக்கா எழுதினாரு? வார்னிஷ் அடிக்க வர்றவனுக்கு எழுதினாரு. அவன்தான படத்தக் கழட்டித் திருப்புவான்."

ஏழுமலை அப்போது பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழுமலை கருவடிக்குப்பத்துக்காரர். அப்பா மில்லில் இருந்தவர். மில் மூடியதும் மகன் ஸ்டுடியோ வேலை கற்றுக்கொண்டார். எங்களிடம் வரும் முன் பத்து வருடம் கல்யாண ஆல்பம் செய்தவர். வெயிலில் வியர்த்த மாப்பிள்ளையை ஏசி அறையில் உட்கார்ந்தவர் போல ஆக்குவார். பெண்ணின் முகத்தில் பந்தல் துணியின் நிறம் விழுந்திருந்தால் அது இருந்த தடமே தெரியாமல் எடுத்துவிடுவார். அந்தக் கைக்கு நகைக்கடைக்காரர்களே எங்கள் அச்சகத்தைத் தேடி வருவார்கள். ஆனால் அதற்கு முந்தின வருடம் ஒரு நகை விளம்பரத்தில் கெம்புக் கல்லை நல்ல சிவப்பாக்குகிறேன் என்று வேறு கல் மாதிரி ஆக்கிவிட்டார். முழு வேலையும் திரும்பி வந்தது. இன்னொரு தடவை என்றால் வீட்டுக்குத்தான் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

மதாமின் புத்தகத்தில் முப்பதுக்கும் மேல் படங்கள். பெரும்பாலும் பூ, பழம், கடல். மனித முகம் தெளிவாகத் தெரிவது மூன்றில்தான். அதில் ஒன்று முதல் பாரத்தில், அதாவது ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும் முதல் பக்கங்களில், கறுப்புத் தொப்பிப் பெண். அந்தப் படத்தை ஏழுமலை என்னிடம் அனுப்பியபோது ஓரத்துச் சாம்பல் பட்டையை வெட்டியிருந்தார். அளவுக்கு வெட்டியபோது போயிருக்கும் என்று நினைத்தேன். அசல் கோப்பைத் திறந்து பட்டையை அளந்து, வரும் எண்ணைச் சாம்பல் கட்டத்தில் எழுத வேண்டும். அதுதான் முறை, நானே வைத்த முறை. அந்த நேரம் பார்த்து மூன்று காலண்டர்காரர்கள் வாசலில் நின்றார்கள். ஒருவர் அம்மன் புடவை இன்னும் சிவப்பு வேண்டும் என்கிறார், இன்னொருவருக்குத் தன் படம் பெரிதாக வேண்டும். நான் தொப்பிப் பெண்ணைப் பார்த்தேன். படம் அழகாக இருந்தது. முகம் சந்தனம் மாதிரி சுத்தமாக இருந்தது. கட்டத்தைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் மதாம் முதல் பாரத்தின் புரூஃப் பார்க்க வந்தார். எல்லாப் பக்கத்தையும் சீக்கிரம் பார்த்தவர், அந்தப் பக்கத்தில் மட்டும் நெடுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பென்சில் கேட்டு வாங்கி, எதிர்ப்பக்கத்துக் கட்டுரையில் ஒரு வரியை அடித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். கடைசி நேரத்தில் ஒரு வரியை அடிக்காத எழுத்தாளரை நான் பார்த்ததில்லை. அதனால் எதுவும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் முதல் பாரம் மிஷினில் ஏறியது. ஐந்து மணிக்கு நோட்டைத் திறந்தேன். மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டே வந்தேன். முந்தின நாள்களின் பாக்கி ஏதும் உண்டா என்று பக்கத்தைப் பின்னால் புரட்டினேன். ஒரு கட்டம் காலியாக இருந்தது.

எனக்குக் காலிக் கட்டம் பிடிக்காது. சந்தேகம் வந்து நான் அசல் கோப்பைத் திறக்கவில்லை. கட்டத்தை நிரப்பத்தான் திறந்தேன். பட்டையில் அளந்தேன். சுத்தமான சாம்பல். எண்ணை எழுதப் பேனாவை எடுத்தபோதுதான் கண் படத்தின் மேல் போனது. தொப்பியின் கீழே, கன்னத்திலிருந்து கழுத்து வரை, அந்தப் பெண்ணுக்குப் பச்சை. தவறிப்போய் ஒட்டிய பச்சை இல்லை. தூரிகையை அழுத்தி வைத்து இழுத்த பச்சை. மூக்கின் ஓரத்தில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு கோடு. நான் கையெழுத்துப் போட்ட படத்தில் இரண்டுமே இல்லை.

எழுந்து மிஷின் பக்கம் ஓடினேன். மிஷின்மேன் ஜோசப் அண்ணன் தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நிறுத்துங்க."

"என்னாத்துக்கு? சூப்பரா ஓடுது. இங்க் எவ்ளோ ஈவனா இருக்கு பாரு."

"நிறுத்துங்கண்ணே. காரணம் அப்புறம் சொல்றேன்."

"பாதிக்கு மேல வந்துட்டேன்மா."

"அதுக்குத்தான் நிறுத்தச் சொல்றேன்."

அவர் பொத்தானை அழுத்தினார். நீங்களும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். யார் செய்தது, ஏன் செய்தது, யாரிடம் சொல்வது என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது மிஷின் தன் பாட்டுக்குத் தாளை விழுங்கிக்கொண்டிருக்கும்.

பிறகு ஏழுமலையைக் கூப்பிட்டேன். இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"ஆமாங்க்கா, நான்தான் எடுத்தேன். மொகம் பச்சையா இருந்துச்சி."

"சரி. ஏன் எடுத்த?"

"என்னக்கா கேக்கற? மொகம் பச்சையா இருந்தா யாராவது ஒத்துப்பாங்களா? அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னுல்ல நெனப்பாங்க?"

"ரோஜா எலுமிச்ச மஞ்சளா இருந்துச்சே, அத ஏன் விட்ட?"

"பூ எந்தக் கலர்ல வேணா இருக்கும். மொகம் அப்படியா?" அதற்குப் பிறகுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கியது. "தப்பாக்கா?"

"இன்னும் ரெண்டு மொகம் இருக்கே புக்குல?"

"அதுவும் எடுத்துட்டேன். ஞாயித்துக்கிழம வந்து உக்காந்து பண்ணேன். அந்த மதாம் பாவம், வயசானவங்க, நல்லா வரட்டும்னு." கையில் துடைக்க ஒன்றும் இல்லாதபோதும் சட்டையில் துடைத்துக்கொண்டார். "முதலாளி இந்த வாட்டி அனுப்பிடுவாருக்கா."

மற்ற இரண்டு முகங்களும் பிளேட் ஆகவில்லை. திரும்ப அசலை எடுத்தால் போதும். பிரச்சினை இந்த ஒரு பாரம்தான். புத்தகத்துக்கென்றே வாங்கிய பூச்சில்லாத தாள், அளவாக வாங்கியது. திரும்ப அடிக்க உள்ளூரில் தாள் கிடையாது. சென்னையிலிருந்து வர வேண்டும். சனிக்கிழமைக்கு முழுசாக நான்கு நாள்கூட இல்லை. பாரம் உலர வேண்டும், மடிக்க வேண்டும், தைக்க வேண்டும். முதலாளி தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்காகச் சென்னையில் இருந்தார். போனில் கூப்பிட்டேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"கஸ்டமர் கையெழுத்து இருக்கில்ல?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்னம்மா? ஓட்டுங்க."

அவர் சொன்னதில் சட்டப்படி தவறில்லை. மதாம் பார்த்து ஒப்புக்கொண்ட புரூஃப் அது. யாரும் கேட்கப்போவதில்லை. அந்த ஓவியத்தை நேரில் பார்த்தவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான், அவரே கையெழுத்துப் போட்டுவிட்டார். 'சரி சார்' என்று சொல்லியிருந்தால் ஆறு மணிக்கு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது.

"என் கையெழுத்தும் இருக்கு சார்" என்றேன். "அசலப் பாக்காம போட்டுட்டேன்."

நாதஸ்வரம் தூரமானது. மண்டபத்துக்கு வெளியே வந்துவிட்டார்.

"யாரு பண்ணது?"

"செக் பண்ணது நான் சார்."

"அத கேக்கல நான்."

"அதுதான் சார் பதில். யாரு பண்ணாலும் நான் பாத்திருக்கணும்."

ஏழுமலை எதிரில் நின்றுகொண்டிருந்தார். தரையைப் பார்த்தபடி.

"நேராப் போயி அந்தம்மாகிட்ட சொல்லுங்க" என்றார் முதலாளி. "பரவால்லன்னா அப்படியே ஓட்டுங்க. வேணாம்னாங்கன்னா எனக்குப் போன் பண்ணுங்க. நீங்களே போணும், வேற யாரையும் அனுப்பாதீங்க."

அசல் கோப்பை ஒரு தாளில் எடுத்து, மிஷினில் வந்த தாளையும் சுருட்டி எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டியில் போனேன். மழை விட்டு வானம் கழுவிவிட்டது போல இருந்தது. மதாம் கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, மிஷின் உடஞ்சி போச்சா?" என்றார்.

சாப்பாட்டு மேஜையில் இரண்டு தாளையும் விரித்து நான்கு மூலையிலும் டம்ளர் வைத்தேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். எடுத்தவர் பெயரைச் சொல்லவில்லை. என் காலிக் கட்டத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பச்சைக் கன்னத்தின் மேல் விரலை வைத்தபடி நின்றார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"மொந்தியே" என்று மெதுவாகச் சொன்னார். பிரெஞ்சில் 'கடவுளே' என்பது. "இருந்துச்சா இது?"

"இருந்துச்சு மதாம்."

"நாப்பது வருஷத்துக்கு முன்னால பாத்தேன்மா. வெளிய மழ. உள்ள வந்து இந்தப் பொண்ணு முன்னால நின்னேன். கன்னம் பச்சையா இருக்கு, ஆனா பச்சன்னே தோணல, ஜன்னல் பக்கத்துல நிக்கற மாரி இருந்துச்சு. அத ஒரு வரியா எழுதி வச்சிருந்தேன். அந்த வரியிலதான் அந்தக் கட்டுரையே நிக்கிது." தாளைத் தட்டினார். "நீங்க புரூஃப் காட்டினீங்க. பச்சையே இல்ல. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? வயசாச்சு. கண்ணும் போச்சு, ஞாபகமும் போச்சு. இவ்ளோ வருஷமா இல்லாத பச்சைய நானே கற்பன பண்ணிப் பசங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன்னு."

"அதான் அந்த வரிய அடிச்சீங்களா?"

"பொய்ய எப்படி அச்சுல போடறது?"

ஒரு படத்தில் நிறம் தவறிப்போனது என்று சொல்லத்தான் நான் வந்திருந்தேன். நாற்பது வருடம் ஒருவர் கண்ணுக்குள் பத்திரமாக இருந்ததை நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அழித்திருந்தோம், அதுவும் அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து. நம் வேலையில் நடக்கக்கூடிய மிக மோசமான விஷயம் எது என்று உங்களில் யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். தப்பாக அச்சடிப்பது அடுத்தபடிதான். நாம் நன்றாகச் செய்த அச்சைப் பார்த்து, சரியாகப் பார்த்த ஒருவர் தன் கண்ணைச் சந்தேகப்படுகிறாரே, அது.

"மதாம், அப்படியே ஓட்டச் சொன்னீங்கன்னா..." என்று இழுத்தேன்.

"இங்க வா." என் கையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிப்போனார். எதிர்ச் சுவர் வெள்ளை. அதன் மேல், போகிற வெயிலில், காகிதப்பூச் செடியின் நிழல். "அந்த நெழல் என்ன கலரு?"

"சாம்பல்" என்றேன், தொழில் புத்தியில்.

"நல்லாப் பாரு. வேல செய்யற மாரி பாக்காத. சும்மா பாரு."

பார்த்தேன். ஒரு நிமிடம் சாம்பலாகவே இருந்தது. பிறகு எப்போது மாறியது என்று தெரியவில்லை. கத்திரிப்பூ நிறம். ஓரங்களில் இளஞ்சிவப்பு. இந்த ஊரில், அப்படி எத்தனையோ சுவர்களைக் கடந்து, இருபது வருடத்துக்கு மேல் வேலைக்குப் போய்வந்தவள் நான். என் கல்யாணப் போட்டோவில்கூட ஸ்டுடியோக்காரர் என்னை மாநிறத்திலிருந்து கோதுமை நிறத்துக்கு மாற்றியிருந்தார். அதைத்தான் எங்கள் ரெட்டியார்பாளையம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். அது நான் இல்லை என்று எனக்கு ஒரு நாளும் உறைத்ததில்லை.

"ஓட்ட வேணாம்" என்றார் மதாம். "புக்கு லேட்டானா ஆவட்டும். சனிக்கிழம வர்றவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா அந்த வரி எனக்குத் திரும்ப வேணும்."

வாசலிலிருந்தே முதலாளிக்குப் போன் செய்தேன். எவ்வளவு தாள் மிஷினில் ஏறாமல் நின்றது என்று கேட்டார். சொன்னேன். நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் முழுத் தாளையும் திரும்ப வாங்க வேண்டியிருக்கும் என்று அவரே கணக்குப் போட்டுவிட்டு, "நல்ல வேள" என்றார். அதற்கு மேல் என்னைத் திட்டினார். முறையாக, நிதானமாக, நான் ஒத்துக்கொள்ளும்படி திட்டினார். எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் வாங்கினேன். அது இன்னும் என் கோப்பில் இருக்கும். ஏழுமலையின் பெயரை அவர் மறுபடி கேட்கவில்லை. தெரியாமல் இல்லை, முகத்தை அப்படிச் சுத்தம் செய்யக்கூடிய கை அச்சகத்தில் ஒன்றுதான் இருந்தது.

புதன்கிழமை மாலை முதலாளியின் கார் வந்து நின்றது. பின் சீட்டில் மூன்று சீர்த்தட்டு, ஒரு வாழைத்தார், அவற்றுக்கு நடுவே தாள் கட்டுகள். டிக்கியிலும் தாள் கட்டுகள். முதலாளியின் மனைவி முன் சீட்டில் மடியில் பூக்கூடையோடு இருந்தார். "பொண்ணு நிச்சயத்துக்குப் போயி பேப்பர் தூக்கினு வர்ற ஆளு இவரு ஒருத்தர்தான்" என்று ஜோசப் அண்ணனிடம் புகார் சொன்னார். தாளோடு எங்கள் எல்லோருக்கும் லட்டும் வந்தது.

அதற்குள் ஏழுமலை மூன்று முகங்களையும் அசலிலிருந்து திரும்ப எடுத்திருந்தார். பட்டையை வெட்டாமல். என் மேஜைக்கு வந்து, "நீயே அளந்து பாருக்கா" என்று நின்றார். அளந்தேன். கட்டத்தை நிரப்பினேன். மதாமின் வரி தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

வியாழக்கிழமை காலை மிஷின் ஓடியது. முதல் நல்ல தாளை ஜோசப் அண்ணன் எடுத்துக் கொடுத்தார். ஏழுமலை அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். தாளை மேஜை விளக்கின் கீழ் விரித்துவிட்டு, ஓர் அடி பின்னால் போனார். இன்னும் ஓர் அடி. கடைசியில் கட்டர் மிஷினில் முதுகு இடிக்கும் வரை போய் நின்றார்.

"அக்கா."

"என்ன?"

"இங்கேந்து பாத்தா பச்சையே தெரியலக்கா."

"அப்ப என்ன தெரியுது?"

யோசித்தார். "அந்தப் பொண்ணுக்கு அந்தாண்ட ஒரு ஜன்னல் தெரியுது. படத்துல ஜன்னலே இல்லியே?"

மதாம் நாற்பது வருடத்துக்கு முன் எழுதிய வரியை அவர் படித்திருக்கவில்லை. நாங்கள் யாரும் புத்தகத்தைப் படிக்கவில்லை, அச்சுதான் அடித்தோம்.

சனிக்கிழமை எல்லாப் பிரதிகளும் போய்ச் சேரவில்லை. தைத்து முடிந்தவற்றை நானும் ஏழுமலையும் ஆட்டோவில் கொண்டுபோனோம். பசை சரியாகக் காயவில்லை, அழுத்தித் திறக்காதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னோம். மதாம் புத்தகத்தைத் திறந்ததும் நேராக அந்தப் பக்கத்துக்குப் போனார். படத்தைப் பார்த்தார். எதிர்ப்பக்கத்தைப் படித்தார். பிறகு ஏழுமலையைப் பார்த்து, "நீதான பச்சைய எடுத்தவன்?" என்றார். நான் பெயரே சொல்லியிருக்கவில்லை. ஏழுமலை பேந்தப் பேந்த விழித்தார்.

"பயப்படாத. நல்ல கைடா உனக்கு. நான் பாத்தேனே, எங்க எடுத்தன்னே தெரியல. அதான நான் ஏமாந்தேன்." அவர் கையில் ஒரு பிரதியைக் கொடுத்தார். "வீட்டுல வச்சுப் பாரு."

ஏழுமலை அதைப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு மூன்று நான்கு மாதம் கழித்துத் தெரிந்தது. அப்போதும் அவர் முகூர்த்த நாள்களில் தெரிந்தவர்களுக்கு ஆல்பம் செய்துகொடுப்பார். ஒரு நாள் மதிய இடைவேளையில் ஓர் அம்மாவும் கல்யாணமான புதுப்பெண்ணும் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு அச்சக வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

"என்னாப்பா இது? பொண்ணக் கறுப்பாப் போட்டு வச்சிருக்க? மூஞ்சில ஒரு பக்கம் நீலமா வேற இருக்கு!"

"அது பந்தல் துணி நெழல்மா. நீலத் துணி கட்டியிருந்தாங்க."

"அத எடுக்கத் தெரியாதா உனக்கு?"

"தெரியும்மா" என்றார் ஏழுமலை. "எடுத்தா அது உங்க பொண்ணு இல்ல."

அம்மா வாயைத் திறப்பதற்குள் பெண் ஆல்பத்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "விடும்மா. நான் கறுப்புதான். நல்லாருக்கேன்ல?" அம்மா பணிந்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். முனகிக்கொண்டேதான் போனார். ஆனால் ஆல்பம் திருத்தத்துக்குத் திரும்பி வரவில்லை.

சுவரில் உள்ள இரண்டு தாள்களையும் மாட்டியது ஏழுமலைதான். வீணான தாள்களிலிருந்து ஒன்று, நல்ல தாள்களிலிருந்து ஒன்று. எது எது என்று கீழே எழுதலாமே என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். புதிதாக வருகிற எல்லோரும் இடப்பக்கத்தைக் காட்டுவீர்கள் என்று அவருக்குத் தெரியும். நானும் அந்தப் பக்கத்தைத்தான் காட்டினேன், கையெழுத்துப் போட்டு. அதனால் வெட்கப்பட வேண்டாம்.

என் கடைசி வேலைநாளில் அறையைத் துடைத்துச் சுத்தம் செய்தேன். நாற்காலியை ஒப்படைக்கும் முன் தூசி இருக்கக் கூடாது என்பது என் வழக்கம். வலப்பக்கத்துச் சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றித் துடைத்தேன். அப்போதுதான் திருப்பினேன். பின்னட்டையில், ஏழுமலையின் கோணல் எழுத்தில், மார்க்கர் பேனாவால் மூன்று வரி இருந்தது. நான் பார்த்ததை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. திரும்ப மாட்டிவிட்டு, நோட்டில் அன்றைய பக்கத்தைச் சரிபார்த்து மூடிவிட்டு, ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினேன்.

உங்களில் யாருக்காவது, ஒரு பரபரப்பான நாளில், ஏதோ ஒரு முகத்தைக் கொஞ்சம் சரிசெய்தால் நன்றாக இருக்குமே என்று கை பரபரக்கும். அப்போது எழுந்து போய் அந்தச் சட்டத்தைக் கழற்றித் திருப்புங்கள். அங்கே இருப்பது இதுதான்:

பச்சை அழுக்கு இல்ல.
வெளிச்சம்.
கை வைக்காத.